மடியில் தூங்கியவன்

1

ஒரு வேலையைத் தட்டிக்கழிக்கப் போய்ப் பிறந்த கதை இது. என் நண்பன் புகைப்படக் கலைஞன். தன் கண்காட்சிக்கு இரண்டு பக்க அறிமுகக் கட்டுரை கேட்டான். 'நினைவு, சமூகம், பழைய ஓவிய மேதைகள்' என்று தலைப்புகளையும் அவனே கொடுத்தான். உட்கார்ந்தேன்.

"ஒளியும் நிழலும் சங்கமிக்கும் புள்ளியில் இக்கலைஞர்..."

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நானும் பேனா சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.)

2

முதலில் அவன் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஓவியர்கள் எப்போதோ வரைந்த படங்களை எடுத்துக்கொள்வான். அவற்றில் ராஜாக்களும் தேவதூதர்களும் இருக்கும் இடத்தில் நம் தெருக்காரர்களை உட்கார வைப்பான். நீண்ட மேசை விருந்தில் குப்பை லாரி ஆட்கள். பால் ஊற்றும் பெண்ணின் இடத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஜன்னலில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, பழைய பெட்டிக் கேமராவில் எடுப்பான். அது மகா மந்தம். சில விநாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்த இடம் கலங்கிப்போகும்.

செத்த மகனை மடியில் கிடத்திய தாய். அந்தப் படத்துக்கு மட்டும் அவன் ஆள் தேடி அலையவில்லை. அவனுடைய அக்காவின் ஒரே மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அக்கா தையல்காரி. தம்பி கேட்டதும் சரி என்றாள்.

(எப்படித்தான் வாய் வந்து கேட்டானோ. இந்த இடத்தில் அவன்மேல் எனக்குக் கோபம். கல்நெஞ்சக்காரனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்தப் பையனைத் தோளில் தூக்கித் திரிந்த மாமன் அவன்.)

3

மகனாகப் படுக்க, இறந்தவனோடு வேலை பார்த்த கூட்டாளி வந்தான். பட்டப்பெயர் கொக்கு. காலை நீட்டினால் படத்துக்கு வெளியே போய்விடும். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான்.

"செத்த மாதிரி கிடக்கணும், அவ்வளவுதான்" என்றான் நண்பன்.

கொக்கு அக்காவின் மடியில் தலை வைத்தான். நண்பன் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுப்பதற்குள் குறட்டை கேட்டது.

"டேய், எந்திரிடா!"

"கத்தாதடா" என்றாள் அக்கா. "நைட் ஷிப்ட் முடிச்சு வந்த பிள்ளை. கொஞ்சம் தூங்கட்டும்."

சொல்லிவிட்டு அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். நண்பன் லென்ஸைத் திறந்தான்.

4

படத்தில் எல்லாம் துல்லியம். கொக்கின் மார்பு மட்டும் மூச்சில் லேசாகக் கலங்கியிருக்கிறது. அக்காவின் முகத்தில் துக்கம் இல்லை. அந்த முகம் ஒரு...

(ஒரு என்ன? உவமை தேடித் தோற்றேன். பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்கிற முகம். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.)

"நான் எடுத்ததுல படம்னா இது ஒண்ணுதான்" என்றான் நண்பன். கண்காட்சியில் நடுச்சுவரை இதற்கென்று ஒதுக்கினான். தொடக்க விழாவுக்கு முந்தின நாள், நானும் அங்கே இருந்தபோது, அக்கா வந்து பார்த்தாள்.

"இதை மாட்டாத" என்றாள்.

5

முடிவு ஒன்று: படம் மாட்டப்படுகிறது. எல்லோரும் புகழ்கிறார்கள், அக்கா மனம் மாறுகிறாள். (பொய். அக்காவை உங்களுக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: அவள் சட்டத்தைத் தூக்கிப் போட்டு உடைக்க... (வேண்டாம். சினிமா.)

நடந்தது இதுதான். படங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிமேல் அவள் உட்கார்ந்தாள்.

"ஊரு என்ன சொல்லும்னு பயமாக்கா?" என்றான் நண்பன்.

"ஊரு கிடக்குது. பிள்ளைய வாரிக் குடுத்துட்டு எப்படி இருக்கா பாருன்னு சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும்."

"அப்புறம் என்ன?"

"யாரு பெத்த பிள்ளையையோ மடியில போட்டுக்கிட்டு இப்படி இருந்திருக்கேனே. என் பிள்ளை இதைப் பாத்தா என்னடா நினைப்பான்? நான் இல்லாமலே அம்மாவுக்குச் சரியாப் போச்சுன்னு நினைக்க மாட்டானா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ எழுதுறவன்தானே தம்பி. நீ சொல்லு. நினைப்பானா?"



6

கதை இங்கேயே நிற்கிறது. மாட்டுவதா வேண்டாமா என்பது அக்கா தம்பி விவகாரம். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவள் கேட்டதற்குத்தான் பதில் வேண்டும். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். கதை எழுதுகிறவன் எதையும் சொல்வான் என்பது அவளுக்குத் தெரியும்.

நீங்களும் ஒருத்தி பெற்ற பிள்ளை. நீங்கள் இனி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் மடியில் வேறொருவன் அசந்து தூங்குகிறான். கொஞ்ச நேரத்துக்கு அவள் முகம் தெளிந்திருக்கிறது.

அக்கா மரப்பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருக்கிறாள். சொல்லுங்கள், நினைப்பீர்களா?