மாடி மேடம் பார்த்த விளக்கு

விமானப்படைத் தளத்தின் பின்பக்கம், தேய்ந்த டயர்களைப் போட்டு வைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை இருந்தது. கதவில் 'வான் காட்சி விசாரணைப் பிரிவு' என்று ஒரு பலகை. பெயர் என்னவோ பெரிதுதான். உள்ளே போனால் இரண்டு மேசை, சுவரில் ஒரு வரைபடம், பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் ஒரு தொலைபேசி, அதன் பின்னால் ஒரே ஒரு மனிதர். வானத்தில் என்னவென்று தெரியாத எதையாவது பார்த்துப் பயந்து யாராவது கூப்பிட்டால், நேரில் போய் விசாரித்து, அது இன்னதுதான் என்று சொல்லி அவர்களைத் தூங்க வைப்பது அவர் வேலை. தளத்தில் எல்லாரும் அவரை முற்றுப்புள்ளி என்றார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். அது அவருக்கும் தெரியும்.

பட்டப்பெயர் சும்மா வருமா? மேலிடத்து உத்தரவு அப்படி. எந்த விசாரணையும் மாதக் கடைசியில் திறந்து கிடக்கக் கூடாது. 'தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வரும், கூடவே வசவும் வரும். அதனால் முற்றுப்புள்ளி எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்தார். மேற்கே அசையாமல் நின்றால் வெள்ளிக் கோள். கூட்டமாகப் போனால் கொக்கு. சர்ரென்று விழுந்தால் எரிகல். எதிலும் அடங்காவிட்டால் பார்த்தவருக்குக் கண் சரியில்லை. பாதிக்குப் பாதி உண்மையிலேயே அதுதான். மீதிப் பாதி என்னவென்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதை நினைத்து அவர் ஒருநாளும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை.

அடிக்கடி கூப்பிடுகிறவர்களில் முதல் ஆள் மாடி மேடம். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், ஊரின் மேற்கு ஓரத்தில் மூன்று மாடி வீட்டில் தனியாக இருந்தார். வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் நாற்காலியைப் போட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கடன் வாங்கிக் கட்டாதவர்களை நடுங்க வைத்த குரல், இன்னும் அப்படியேதான் இருந்தது. முற்றுப்புள்ளி கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே பதில் வரும். கையை நீட்டி முஷ்டியை வைத்தால் அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம், எங்கிருந்து எங்கே போனது, எதற்குப் பின்னால் மறைந்தது, எல்லாம் வரிசையாகச் சொல்வார். சொல்லிக் கொடுத்ததே இவர்தானே! எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் அது வெள்ளி என்பார் இவர். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் 'அப்படியா' வரும். அதில் நம்பிக்கை மருந்துக்கும் இருக்காது.

அந்த மாதம் தளமே நெருப்பின் மேல் நின்றது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற வெடிமருந்துக் கிடங்கின் மேலே ஆளில்லாத ஏதோ ஒன்று இரண்டு தடவை வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. ரேடியோவில் கூப்பிட்டுப் பதில் சொல்லாத எதுவும் கிடங்கை நெருங்கினால் சுட்டு வீழ்த்தலாம் என்று உத்தரவு வந்திருந்தது. கான்டீனில்கூட யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வெளியே ஒரே புழுதி மூட்டம். முற்றுப்புள்ளி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. மாடி மேடம்தான். ஒரு விளக்கு வானத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது, வட்டமாக இல்லை, மூன்று மூலையாகத் திரும்புகிறது என்றார். உட்காராமலே கேட்ட முற்றுப்புள்ளி, நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அதைப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆளை விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

வைத்த கை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. மேடம்தான் விடவில்லை என்று நினைத்து எடுத்தார். மனைவி. குரல் உடைந்திருந்தது. பாப்பா இன்னும் இறங்கவில்லை. மத்தியானம் தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு போனவள் எப்போதோ திரும்பியிருக்க வேண்டும், ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை, பயிற்சிப் பள்ளியில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மகளுக்கு இருபத்தோரு வயது. வீட்டுக்கு இன்னும் பாப்பாதான். அவள் விமானம் ஓட்டப் போகிறேன் என்றபோது மனைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முற்றுப்புள்ளிதான் இடையில் புகுந்து சம்மதிக்க வைத்தார். வானத்தில் என்ன பயம், நான் அதைப் பார்த்தே காலம் தள்ளியவன் என்றெல்லாம் பெருமை பேசினார்.

பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று மூலை!

வாலிபத்தில் அவர் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்த ஆள். அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ரேடியோ செத்து வழியும் தவறிப்போன விமானம் மூன்று மூலையாகச் சுற்ற வேண்டும். திரையில் அந்த வடிவத்தைப் பார்த்தால், ஒருவன் வாய் பேச முடியாமல் உதவி கேட்கிறான் என்று அர்த்தம். பயிற்சிப் பள்ளிகளில் இப்போது அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாப்பாவுக்கு அவர் சொல்லித் தந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் சிந்திய தண்ணீரில் விரலால் கோடு இழுத்து, எதுவும் கைகொடுக்காவிட்டால் இப்படிச் சுற்றும்மா, யாராவது ஒருத்தர் பார்ப்பார் என்றிருந்தார்.

அந்த யாராவது ஒருத்தர் பார்த்துவிட்டார். பார்த்துக் கூப்பிட்டும் சொன்னார். இந்தப் பெரிய மனுஷன் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்! ஜன்னல் கண்ணாடி அதிர, இரண்டு ஜெட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின. எதைத் தேடி ஏறுகின்றன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

கட்டுப்பாட்டு அறையில் இருட்டும் குளிரும் கலந்திருந்தன. கமாண்டர் நின்றுகொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றுப்புள்ளியைவிட வயதில் இளையவர், பதவியில் எவ்வளவோ மேலே. திரையில் ஒரு புள்ளி தெரிந்தது, மறைந்தது, வேறொரு இடத்தில் மறுபடி தெரிந்தது. தாழப் பறப்பதால் மலை மறைக்கிறது என்று ரேடார்க்காரர் சொன்னார். துண்டு துண்டாகத் தெரிகிறதை வைத்து வடிவம் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் சில முறை புள்ளி கிடங்குக்கு வெகு கிட்டத்தில் முளைத்தது. காற்றும் அந்தப் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் கொட்டினார். அது பயிற்சி விமானம், உள்ளே என் பெண், ரேடியோ செத்துவிட்டது, மூன்று மூலையாகச் சுற்றி உதவி கேட்கிறாள் என்றார். கமாண்டர் திரும்பிப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"உங்க வேலையே எதையாவது ஒண்ணுன்னு சொல்லி முடிக்கிறதுதானே? இத்தனை வருஷமா நீங்க எழுதினதைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்ப மட்டும் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. இன்றைக்குப் பார்த்தா கேட்க வேண்டும்? பெண் வீடு திரும்பாத பயத்தில் நீங்கள் எதையும் அவளாகத்தான் பார்ப்பீர்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் என்று கமாண்டர் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார். அப்புறம் திரும்பிக்கொண்டார். ஒலிபெருக்கியில் ஜெட் விமானியின் குரல் கேட்டது. மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு விளக்கு தெரிந்தது, திரும்பி வருவதற்குள் காணோம், அது மிக மெதுவாகப் போகிறது, எங்களால் அவ்வளவு மெதுவாகப் போக முடியாது என்றார். கிடங்கைச் சுற்றியிருந்த எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் அப்புறம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று கமாண்டர் பதில் சொன்னார்.

முற்றுப்புள்ளி அந்தக் கோட்டைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். தன் வாயால் சொல்வது இந்த அறையில் செல்லாது என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் ஒரு வழியும் தெரிந்தது.

"என்னை நம்ப வேண்டாம் சார். அதைக் கண்ணால பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களைக் கேளுங்க."

சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மனப்பாடமான எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாரா? இத்தனை நாளும் பட்ட அவமானத்துக்கு இன்றைக்கா வைராக்கியம் வர வேண்டும்? மறுபடி அழுத்தினார். அவசரத்தில் எண் தப்பியது. மூன்றாவது முறை அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"வெள்ளின்னு சொல்லத்தானே கூப்பிடுறீங்க? காலையிலே சொல்லுங்க, இப்ப நான் வேலையா இருக்கேன்."

"மேடம், அதுல என் பொண்ணு இருக்கா."

அப்புறம் வந்த குரல் வேறாக இருந்தது. கடனும் தவணையும் பேசிய அந்தப் பழைய குரல், பதற்றம் இல்லாமல், தெளிவாக. இப்போது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறது என்றார். அதற்கடுத்து கல் குவாரிப் பக்கம் போகும். அங்கே திரும்பி, செங்கல் சூளையின் உயரமான புகைபோக்கிக்கு வரும். அங்கே திரும்பி மறுபடி தொட்டிக்கு. பார்க்க ஆரம்பித்ததிலிருந்து இந்த வரிசை மாறவே இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் விளக்கு கீழே இறங்குகிறது, முதலில் நாலு முஷ்டி இருந்தது, இப்போது மூன்றுகூட இல்லை.

கமாண்டர் அவர் கையிலிருந்து போனை வாங்கினார். தான் யார் என்று சொல்ல வாயெடுத்தார், மேடம் விடவில்லை போலிருக்கிறது. கேட்டுக்கொண்டே வரைபடத்தில் தொட்டியின் மேல் விரலை வைத்தார், குவாரிக்கு நகர்த்தினார், புகைபோக்கிக்குக் கொண்டுவந்தார். ரேடார்க்காரர் தன் துண்டுப் புள்ளிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் அந்தக் கோடுகளின் மேலே விழுந்தது. கமாண்டரின் முகம் மாறியது. போனைக் காதில் வைத்தபடியே ஜெட்டுக்கு உத்தரவு கொடுத்தார். துரத்த வேண்டாம், புகைபோக்கிக்கு மேலே வந்து பாருங்கள், அது தானாக அங்கே வரும், என் வாயிலிருந்து வார்த்தை வராமல் எதுவும் செய்யக் கூடாது.

திரையில் புள்ளி இல்லை, மலை மறைத்துவிட்டது. முற்றுப்புள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் ஏதாவது தப்பாகப் பார்த்திருந்தால்? பாப்பா இந்தச் சுற்றில் பயந்து நேராகக் கிடங்குப் பக்கம் போய்விட்டால்? எரிபொருள் தீர்ந்திருந்தால்? கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டார். போனில் மேடத்தின் குரல் மட்டும் மெல்லிதாகக் கசிந்தது. வருது, வருது, திரும்பப் போகுது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பார்த்துட்டேன். சின்ன விமானம், பள்ளிக்கூட விமானம். உள்ளே ஒரு பொண்ணு. என்னைப் பார்த்துக் கையை ஆட்டுது சார்."

முற்றுப்புள்ளி ஓடுபாதையைப் பார்த்து ஓடினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவருக்கு அரைகுறையாகத்தான் நினைவில் நின்றது. ஓடுபாதை விளக்குகள் முழுசாக எரிந்தன. ஜெட் முன்னால் வளைந்து வளைந்து வழி காட்ட, அந்தக் குட்டி விமானம் பின்னால் வந்து, இரண்டு தடவை துள்ளி, இறங்கி நின்றது. பாப்பா வெளியே வந்தாள். பயமாக இருந்ததா என்று கேட்டார். அப்பா ரேடார்ல பார்த்துருப்பீங்கன்னு தெரியும் என்றாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு, மனைவிக்குச் சேதி சொல்லிவிட்டு, தன் அறைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கமாண்டர் வந்தார். வந்தவர் பாப்பாவின் தலையைத் தொட்டுவிட்டு, முற்றுப்புள்ளியை வெளியே கூப்பிட்டார். ஒரு மாணவியைச் சுட்டிருப்போம் என்பது வெளியே போனால் தளத்தில் ஒருவர் தலையும் தப்பாது. விசாரணை என்று எழுத்தில் ஏறினால், தடை செய்த வானத்துக்குக் கிட்டே வந்ததற்காகப் பாப்பா இனி விமானத்தைத் தொடவே முடியாது. இரண்டையும் சொன்னார்.

"வானிலை பலூன்னு முடிச்சிடுங்க. அந்த அம்மாவுக்கும் இப்பவே சொல்லிடுங்க, இந்த ஆபீஸ் போன்லயே. பதிவு இருக்கணும்."

எத்தனையோ தடவை சொன்ன மாதிரி ஒரு பொய்தான். ஆனால் இந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தன் பெண்ணின் உயிரைக் கையில் பிடித்து இறக்கிக் கொடுத்த மனுஷியிடம், நீங்கள் பார்த்தது அது இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாப்பாவின் வாழ்க்கை போகும். உள்ளே திரும்பி வந்தார். எதிரே பாப்பா நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்ன அவர் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"மேடம், விசாரணை முடிஞ்சது. சாயங்காலம் நீங்க பார்த்தது வானிலை பலூன்."

அந்தப் பழைய 'அப்படியா'வுக்காக அவர் காத்திருந்தார். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"பலூன் பத்திரமா இறங்கிடுச்சா?"

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். தொண்டையிலிருந்து வந்ததைப் பதிவுக் கருவிக்குக் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. அப்புறம் கையை எடுத்து, "இறங்கிடுச்சு மேடம்" என்றார்.

"பயந்து போயிருக்கும். வெறும் தண்ணியைக் கொடுத்து உட்கார வச்சிடாதீங்க. முதல்ல ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க."

சரி மேடம் என்று சொல்லிப் போனை வைத்தார். பாப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, ஏன்ப்பா அழறீங்க என்று கேட்டாள்.