சரி, அப்ப நான் வாறன்

என் கணவர் சுபாஸ்கரன் லாஸ் வேகாஸில் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட விஷயம் அவருக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிய வந்தது.

நடந்தது இதுதான். அவர் லண்டன் நடுவில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷமாக லோண்டரிக்குப் பொறுப்பாக இருக்கிறார். அந்த ஹோட்டலை மூடி, பிளாட்டுகளாக மாற்றப் போகிறார்கள். அதே முதலாளிகளுக்கு வேகாஸில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. கீழே சூதாட்டம், மேலே மூவாயிரம் அறை. அங்கே லோண்டரியை நடத்த ஆள் வேண்டும், வீடியோவில் ஒருக்கால் கதைத்துப் பார் என்றார்கள்.

"சும்மா கதைச்சுப் பாப்பம், சிவனேஸ்வரி. கதைச்சால் காசோ?" என்றார் இவர்.

சும்மா கதைக்கப் போகிற மனிதர் காலையிலேயே குசினித் திரைச்சீலையைக் கழற்றி அயர்ன் பண்ணி மாட்டினார். கமராவில் பின்னால் தெரியுமாம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு, கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்துகொண்டு அவர் இருந்தார். நான் கமராவில் விழாத மூலையில் நின்று லீக்ஸ் வெட்டினேன்.

அந்தப் பக்கம் டெபி என்றொரு பெண். என் வயதுதான் இருக்கும், காதில் வளையல் அளவுக்குத் தோடு. வைன் கறைக்கு என்ன செய்வாய், லிப்ஸ்டிக் கறைக்கு என்ன செய்வாய் என்று கேட்டாள். இவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு மஞ்சள் கறைக்கு வந்தார். அதில்தான் ஆளின் முகம் மலர்ந்தது. மஞ்சளோடு சண்டை பிடிக்கக் கூடாது, சோப் போடப் போடச் சிவக்கும், தோய்த்து வெயிலில் போட்டுவிட்டால் தன்பாட்டில் போய்விடும் என்று நாற்பது நிமிஷம் விளக்கினார். "வெயிலா? எங்களிடம் அதைத் தவிர வேறொன்றும் இல்லை" என்று டெபி சிரித்தாள். இவரும் சிரித்தார். முப்பத்தொரு வருஷக் கலியாணத்தில் என்னோடு இந்த மனிதர் ஒரே மூச்சில் நாற்பது நிமிஷம் கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடைசியில் டெபி நன்றி சொன்னாள், உன்னைப் போல ஒருவர்தான் எங்களுக்கு வேண்டும் என்றாள். இவர் எழும்பி நின்று, கை கூப்பி, தெளிவான இங்கிலிஷில் விடைபெற்றார்.

"ஓகே மேடம். தென், ஐ வில் கம்."

டெபி கை தட்டினாள். பக்கத்து அறையிலிருந்து வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டாள், அவர்களும் கை தட்டினார்கள். இவர் லப்டொப்பை மூடிவிட்டு, "அமெரிக்கன் சனம் நல்ல சனம். போட்டு வாறன் எண்டதுக்கே கை தட்டுதுகள்" என்றார்.

வியாழக்கிழமை எங்கள் மகள் தர்மிகா சாப்பிட வந்தாள். இல்ஃபோர்டில் தனியாக இருக்கிறாள், அம்மாவின் சோறு வேண்டுமென்றால் வருவாள். தகப்பனுக்கு வந்திருந்த ஈமெயிலை அவள்தான் வாசித்தாள். எங்கள் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி, செப்டம்பரில் தொடக்கம், உங்களுக்கும் மனைவிக்கும் விசா நாங்கள் பார்ப்போம் என்று எழுதியிருந்தது.

"அப்பா, கடைசியா என்ன சொன்னீங்கள்? எக்ஸாக்ட்லி?"

"ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. சரி, அப்ப நான் வாறன் எண்டு சொன்னனான்."

"இங்கிலிஷிலயா?"

"பின்னை? அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமே?"

தர்மிகா கரண்டியை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அவரைப் பிழை சொல்லவும் முடியாது. எங்களில் யார் வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்லுவார்? போறன் என்றால் ஒரேயடியாகப் போகிறது. குப்பை வாளியை வாசலில் வைக்கப் போனாலும் 'போட்டு வாறன்'தான், போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். ஆனால் இதை வேகாஸில் இருக்கிற டெபிக்கு யார் விளங்கப்படுத்துவது?

"நாளைக்கே பிழையெண்டு எழுதிப்போடுறன்" என்றார். நாளை வந்தது, எழுதவில்லை. நாளன்றைக்கும் வந்தது. அவர் போனை நோண்டிக்கொண்டே இருந்தார்.

"சிவனேஸ்வரி, அங்கை உடுப்பு இருபது நிமிசத்திலை காயுமாம்."

"உங்கட விருப்பம்" என்றேன்.

"கோயிலும் கிட்டடியிலை இருக்காம்."

"உங்கட விருப்பம்."

நான் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டு போனது.  எங்கள் குடும்பங்களில் 'உங்கட விருப்பம்' என்று ஒரு மனுசி சொன்னால், பிள்ளைகள் மெல்ல எழும்பி மேல்மாடிக்குப் போய்விடும். இந்த மனிதருக்கு அது சம்மதமாகக் கேட்டது. டெபிக்கு 'வாறன்' விளங்கவில்லை, சரி, அவள் அமெரிக்கக்காரி. இவர் எங்கே பிறந்தவர்?

சனிக்கிழமை கோயிலுக்குப் போனால், செய்தி எனக்கு முன்னமே போய் நின்றது. பக்கத்துத் தெரு அருள்மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லொஸ் வேகஸோ அக்கா? பேரிலையே லொஸ் இருக்கு. யோசிச்சுப் போங்கோ." அடுத்த மூச்சிலேயே, "அந்தக் கறிவேப்பிலைக் கண்டை என்ன செய்யப் போறியள்? எனக்குத் தந்திட்டுப் போங்கோவன்" என்றாள்.

பதினொரு வருஷம் ஜன்னலடியில் வைத்து, குளிருக்குப் போர்த்தி, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்த கன்று. எண்ணெய் முந்துதோ திரி முந்துதோ என்று நின்றாள். நான் கும்பிட்டதும் கும்பிடாததுமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் கோபம் வேகாஸ் மேல் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று நான்கில் கொழும்பில் இருந்த எனக்கு லண்டனிலிருந்த இவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே டிக்கெட் இருந்தது, 'வாறீரோ' என்று ஒரு சொல் இருக்கவில்லை. வீடு வாங்கினார், கதவுத் திறப்பைக் கொண்டுவந்து குலுக்கிக் காட்டினார். கார் வாங்கினார், வாசலில் நின்று ஹோர்ன் அடித்தார். இப்போது விடைபெறப் போய் என்னைப் பாலைவனத்துக்கு அனுப்பப் பார்க்கிறார். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டால்தானே தெரியும். ஒரேயொரு தரம் இந்த மனிதர் என்னைக் கேட்க வேண்டும். கேட்காமல் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அவர் தனியாகத்தான் போக வேண்டும். பிளேன் வாசலில் வைத்தென்றாலும் திரும்பி வந்துவிடுவேன் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டெபி மறுபடி வந்தாள். திரைச்சீலை மறுபடி அயர்ன் பண்ணப்பட்டிருந்தது. நான் மறுபடி மூலையில், இந்த முறை வெங்காயத்தோடு. சம்பளம், வீடு, விசா எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய கடதாசிகளை அனுப்பட்டுமா என்று கேட்டாள். பிறகு ஏதோ யோசனை வந்தவள்போல, "உன் மனைவி என்ன சொல்கிறாள்?" என்றாள்.

"ஷீ இஸ் வெரி ஹாப்பி" என்றார் இவர். "எதைச் சொன்னாலும் ஆஸ் யூ லைக், ஆஸ் யூ லைக் என்றுதான் சொல்கிறாள்."

டெபியின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"சுபாஸ், நானும் ஒஹாயோவிலிருந்து இங்கே வந்தவள்தான். என் புருஷனுக்கு வேகாஸ் என்றால் ஆசை. நானும் உன் விருப்பம் என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவனோடு நான் சரியாகக் கதைக்கவில்லை." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். "அது சம்மதம் இல்லை. நீ முதலில் அவளைக் கேள். அதற்குப் பிறகு கடதாசி அனுப்புகிறேன்."

 இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. வெள்ளைச் சேலையில் புதிதாக ஒரு கறையைக் கண்ட முகம்.

"சிவனேஸ்வரி," என்றார். "நீர் வாறீரோ?"

முப்பத்தொரு வருஷம் காத்திருந்த கேள்வி.  வெங்காயத்தால்தான் கண் கலங்குகிறது என்று சொல்லலாம், ஆனால் அந்த வெங்காயத்தை நான் இன்னும் உரிக்கவே தொடங்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன். திங்கள் மட்டும் பொறுங்கோ" என்றேன்.

அவர் அதை டெபிக்குச் சொன்னார். திங்கள் வரை காத்திருப்பதாக டெபி நான் நின்ற மூலைப் பக்கமாகக் கை காட்டினாள். இனி விடைபெற வேண்டும். இவர் எழும்பினார், கை கூப்பினார், "ஓகே மேடம், தென், ஐ..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டார். வாறன் என்று சொல்லப் பயம். போறன் என்று சொல்ல நா எழவில்லை. செத்த வீட்டிலிருந்து வருகிற மாதிரி ஒன்றும் சொல்லாமல் லப்டொப்பை மூடினார்.

இரண்டு நாள் நான் உண்மையாகவே யோசித்தேன். வீட்டில் எல்லா ரேடியேட்டரிலும் ஈர உடுப்புத் தொங்கியது. ஊர் முழுக்கத் தோய்க்கிற மனிதரின் வீட்டு உடுப்பை முப்பத்தொரு வருஷமாகத் தோய்ப்பது நான். தர்மிகாவுக்குப் போன் எடுத்தேன், "அம்மா, உங்களுக்கு என்ன விருப்பமோ அதைச் செய்யுங்கோ" என்றாள். நான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் குசினியை நினைத்தேன், அருள்மலரை நினைத்தேன், இருபது நிமிஷத்தில் காய்கிற சேலையை நினைத்தேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் எங்கே இருந்தாலும் அங்கே தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார்.

"நான் வாறன்" என்றேன்.

"ஓம், கவனமாப் போட்டு வாரும்" என்றார், வழக்கம்போல.

நான் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் தலை நிமிர்த்திப் பார்த்தார். பட்டர் கத்தி பாதி வழியில் நின்றது.

"எந்த வாறன்?" என்றார். 

"நீங்கள் கேட்டதுக்குச் சொல்லுற வாறன்" என்றேன். "ஆனால் அங்கை வீட்டு உடுப்பு நீங்கள்தான் தோய்க்க வேணும். கறிவேப்பிலைக் கண்டு தர்மிகாவுக்கு."

அவர் தலையை ஆட்டினார். மூன்று தரம் ஆட்டினார். பிறகு பட்டர் கையோடு வாசலுக்கு வந்து என் தோளைத் தொட்டு, என் கோட்டில் பட்ட கறையைப் பார்த்து, அது போகும், நீர் போட்டு வாரும் என்றார்.