சுவருக்கு வெளியே வார்த்த தண்ணீர்

1

“வாளியைத் தாங்கோ. உங்கட கிணத்தில நானே அள்ளிக் குடிக்கப்போறன்.”

அந்த வீட்டில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினவ. கேட்டது நான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் கோபம் வசனத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆகவே அவளுக்குக் கம்சிகா என்று பெயர் வைக்கிறேன்.

2

புங்குடுதீவின் மேற்குக் கரையில், காலத்தின் சாட்சியாக ஒரு வீடு— [வீடு என்ன, கோட்டில் சாட்சிக் கூண்டேறியா நிற்கிறது? வெட்டுகிறேன்.]

சண்டைக்குப் பிறகு அந்தக் குறிச்சியில் கூரையோடு மிஞ்சியது அந்த ஒரு வீடுதான். தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த சரவணமுத்து கட்டியது. கனடாவிலிருந்து வந்து அதைத் திருத்திய மகள் சத்தியபாமா, ஊர்ச்சங்க மலருக்கு வீட்டின் வரலாற்றை எழுதக் கம்சிகாவைக் கூப்பிட்டார். அந்த வீட்டு வளவு கூட்டுகிறவளின் மகள் இவள். கம்பஸில் வரலாறு படித்தவள்.

தூண்களையும் கூரை ஓடுகளையும் அவள் கனக்கப் பார்க்கவில்லை. கிணற்றடி மதிலில் இடுப்புயரத்தில் ஒரு துவாரம். உட்பக்கம் கல்தொட்டி, வெளியே வழியச் சரித்துக் கட்டியிருந்தது. இதை ஏன் ஒரு மேசன் மினக்கெட்டுச் செய்தான்? சத்தியபாமாவிடமே கேட்டாள்.

“அதையோ கேக்கிறீர் பிள்ளை? ஊர்க் கிணறெல்லாம் உவர், எங்கட மட்டும்தான் நல்ல தண்ணி. அப்பா உள்ளுக்க நிண்டு வார்ப்பார், சனம் வெளியில நிண்டு பிடிக்கும். ஒருத்தரையும் தாகத்தோட அனுப்பேல்லை. கட்டாயம் எழுதும்.”

“அந்தச் சனம் ஏன் உள்ளுக்க வந்து அள்ளேல்லை அன்ரி?”

“உம்மட ஆக்கள் கேக்கேல்லையே!”

(பக்கக்குறிப்பு: அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்புகிறார். பாத்திரத்தைக் கெட்டவளாக்கினால் எனக்குச் சுகம், கதைக்குச் சுகமில்லை.)

அப்போதுதான் கம்சிகா வாளியைக் கேட்டாள்.

3

முடிவு அ: சத்தியபாமா முகம் சுருங்கி, “குழாயில பிடியுமன்” என்கிறார். [எதிர்பார்த்ததுதான்.]

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்து அழ— [சீ.]

நடந்தது: உடனே வாளியைக் கொடுத்தார். “இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?” என்று சிரித்தார். கம்சிகா அள்ளித் தூக்கினபோது போனை எடுத்தார்.

“கொஞ்சம் நில்லும், இப்பிடித் திரும்பும். மலருக்கு வடிவாயிருக்கும். அப்பா வார்த்தார், இப்ப அவையளே வந்து அள்ளுகினம் எண்டு படத்துக்குக் கீழ போடுவம்.”

“அப்ப அவையளை வெளியில நிப்பாட்டினது ஆரெண்டும் போடுவமே?”

“அதை விடும் பிள்ளை. நல்லதை எழுதும்.”

குடித்தாளா என்று கேட்பீர்கள். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் அக்கறையில்லை.

“எழுதுவீர்தானே?”

“ஓம் அன்ரி, எழுதுவன். துவாரத்துக்கு அங்கால நிண்டு எழுதுவன். உங்கட மலருக்கில்லை.”

நீட்டியிருந்த போனைத் தாண்டி, முன்வாசலால் இறங்கிப் போனாள்.