எட்டுத் தட்டும் ஒரு டம்ளரும்

அந்த உணவகத்தின் முதலாளிக்குக் கோணலாக எதுவும் கண்ணில் படக்கூடாது. உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்துத் தரவேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததும் பச்சை, நீலம், கறுப்பு என்று மூன்று தொட்டி வாங்கினார். எதில் எதைப் போடுவது என்று பலகை ஒன்று எழுதி, ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக மாட்டினார். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தார், பாவம்.

முதல் வாரமே, கழிவு வண்டிக்காரர் பச்சைத் தொட்டியைக் குச்சியால் கிளறினார். சோற்றுக்கு நடுவே டிஷ்யூ பேப்பரும் பல் குத்தும் குச்சியும். மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மறுவாரமும் அதே கதை. மூன்றாவது சிவப்பு விழுந்தால் பத்து நாள் கடையை மூடவேண்டும்.

முதலாளி தாம்தூம் என்று குதித்தார். ஆளுக்கு ஆள் கைகாட்டி, கடைசியில் பழி வந்து நின்ற இடம் பாத்திரம் தேய்க்கிற அக்கா. தொட்டியில் கொட்டுகிறவள் அவள்தானே.

"கொஞ்சம் பாத்துக் கொட்டக் கூடாதாக்கா?" என்றார் முதலாளி.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷமாகத் தட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவள். எந்த மேசையில் குழந்தை இருந்தது, யார் கோபத்தில் பாதியில் எழுந்து போனார் என்பதெல்லாம் எச்சில் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கா கண் தெரியவில்லை? கலக்குவது யார் என்று பார்த்தே தீர்வது என்று அன்று மதியம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

பார்த்தது தன் சொந்தத் தம்பியை.

அவன் அங்கே பரிமாறுகிறவன். ஒரே கையில் எட்டுத் தட்டு அடுக்கித் தூக்குவதால் கடையில் அவன் பெயரே எட்டுத்தட்டு. தட்டுகள் ஆடாமல் உட்கார இடையில் ஒரு பருக்கை இருக்கக்கூடாது. அதனால் மிச்சம் மீதி, பேப்பர், குச்சி எல்லாவற்றையும் மேல் தட்டில் வழித்துப் போட்டு அடுக்குவான். அவனைப் பார்த்து மற்ற சர்வர்களும் அப்படியே. ஜன்னலுக்கு வருவதற்குள் ஊறிக் கூழாகிவிடும் பேப்பரை எந்தக் கொம்பன் வந்தாலும் பிரிக்க முடியாது.

அக்கா அவனை ஓரமாக இழுத்தாள்.

"தப்பு தொட்டியில இல்லடா. மேசையிலயே நடக்குது. நீ வழிச்சுப் போடுற பாரு, அங்க."

"அதுக்கு ரெண்டு ரெண்டா தூக்கச் சொல்றியா? நான் என்ன பேரு வாங்கி வச்சிருக்கேன், தெரியுமில்ல?"

தெரியாதா அவளுக்கு? சொந்தக்காரர்களிடம் தம்பியின் எட்டுத் தட்டைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறவளே அவள்தான். அந்தப் பெருமையைத் தன் கையாலேயே பிடுங்க மனம் வரவில்லை. பிடுங்காவிட்டால் கடை மூடும், பழி அவள் தலையில் விடியும். கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை அவன் முன்னால் நீட்டினாள்.

"எட்டாவே தூக்கு. ஆனா முதல்ல பேப்பரும் குச்சியும் இந்த டம்ளர்ல போகணும். அப்புறம் வழிச்சு அடுக்கு. டம்ளர் உச்சியில உக்காந்து வரணும். உன்னால முடியுமா, முடியாதா?"

முடியாதா என்று கேட்டால் அவனுக்குத் தூக்கம் வருமா? அன்று மூன்று டம்ளர் கணகணவென்று உருண்டு, சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் ஒன்று உருண்டது. மூன்றாம் நாள் எட்டுத் தட்டின் மேல் டம்ளர் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது. வயிற்றெரிச்சலில் மற்ற சர்வர்களும் யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு டம்ளரைத் தூக்கிக்கொண்டார்கள்.

வண்டி வரும் நாள். எல்லோரும் பின்வாசலில் கூடிவிட்டார்கள். வண்டிக்காரர் மூடியைத் திறந்து அடிவரை கிளறினார். வெள்ளையாக ஏதோ மேலே வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"முட்டை ஓடு. இது இருக்கலாம்."

பச்சை ஸ்டிக்கரைக் கிழித்து நீட்டினார். "வாசல் கண்ணாடியில ஒட்டுங்க. இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல. யாரு செஞ்சது?"

முதலாளி பலகையைக் காட்டக் கை தூக்கினார். தம்பி முந்திக்கொண்டான்.

"எங்கக்கா. தப்பு பண்ணினது நான். கண்டுபிடிச்சது அவங்க."

முதலாளி தூக்கின கையை இறக்கினார். ஸ்டிக்கரை வாங்கி அக்காவிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு உங்களப் போயி சொல்லிட்டேன். நீங்களே ஒட்டுங்கக்கா."

ஒன்பது வருஷமாகப் பின்வாசலில் வந்து பின்வாசலிலேயே போனவள், சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே நடந்து முன்வாசலுக்குப் போனாள். பெருமையாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் ஸ்டிக்கரை அழுத்தினாள். அது ஒரு பக்கம் சரிந்து ஒட்டிக்கொண்டது.

முதலாளியின் குணம் தெரிந்த தம்பி, அதை உரித்து நேராக்கப் போனான். முதலாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சரிந்த ஸ்டிக்கரை அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கட்டும்பா. அக்கா ஒட்டினது."