ஸ்வீட்லின் எழுதிய நான்கு பதில்கள்

2022 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, குளியலுக்கும் காலை ஆகாரத்துக்கும் நடுவே, பாளையங்கோட்டை ஜாஸ்பர் வாத்தியார் கண்ணுக்குத் தெரியாமல் போனார். ஆள் எங்கும் போய்விடவில்லை, "ஏட்டி, காப்பி எங்க?" என்று நாற்காலியிலிருந்து குரல் மட்டும் வந்தது. மனைவி ஸ்வீட்லின் காப்பியை அங்கே வைத்தாள். குடையும், மிக்ஸியும், வீட்டு மாடிப்படியும் ஏற்கெனவே இதே மாதிரி போயிருந்தன. காரணம் அவளுக்குத் தெரியும்.

அவள் ஓர் அரசு அலுவலகத்தில் தகவல் அலுவலர். எந்த அலுவலகம் என்பது நமக்கெதற்கு? மேலப்பாளையத்துப் பீர் முகம்மது, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே மனுவைத் திரும்பத் திரும்பப் போட்டார்: எங்கள் தெருவில் ஓடிய வாய்க்காலின் வரைபடம் வேண்டும். வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மழை பெய்தால் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மண்டபம் யாருடையது என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். மனு வந்த அன்றே போன் வரும். "இல்லைன்னு எழுதிருங்கம்மா" என்று பெயர் சொல்லாத குரல் பேசும். அவளும் 'கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று எழுதி முத்திரை குத்துவாள். வரைபடம் இருந்த கோப்போ, நாற்காலி தாழ்வாக இருக்கிறதென்று மூன்று வருஷமாக அவளுக்கு அடியில் கிடந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவள் ஒரு பதில் எழுதினால் வீட்டில் ஒன்று மறையும். நான்காவது பதிலுக்கு ஜாஸ்பர்.

அடுத்த வருஷம், சர்ச்சில் சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில்தான் விஷயம் முற்றியது. சபையார் வரிசையாகச் சாப்பிட உட்கார, சோறும் கறிக்குழம்பும் கொண்டுவந்தவர்கள் ஜாஸ்பரின் இலையைக் காலியிடம் என்று தாண்டிப் போனார்கள். "ஏலே, இங்கன ஆளு இருக்கு வே!" என்று மூன்று பந்திக்கும் கத்திப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார்களே தவிர, அகப்பை இறங்கவில்லை. ஊரே கைகழுவிய பிறகும் சுத்தமாகக் கிடந்த அந்த இலையை ஸ்வீட்லின் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "பைய வீட்டுக்குப் போவோம்ட்டி, பழையது கெடக்கும்லா" என்று குரல் அவளைத் தேற்றியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஐந்தாவது மனு வந்தது. பின்னாலேயே போனும் வந்தது. ஸ்வீட்லின் எழுந்து, கோப்பை உருவித் தூசி தட்டினாள். "இருக்கு சார். இம்புட்டு நாளும் நான்தான் அது மேல உக்காந்திருந்தேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் வரைபட நகலில் கையெழுத்திட்டு, பீர் முகம்மதுவை வரவழைத்துக் கையில் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு தரம் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! நாலு வாட்டி இல்லைன்னு எழுதுனியளே, தாயி?"

"பொய் எழுதுனேன், அண்ணாச்சி."

சொன்னதும் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் வீட்டில் மாடிப்படி இருந்தது. மூன்றாம் படியில், குடையையும் மிக்ஸியையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துத் தாடியோடு ஜாஸ்பர் உட்கார்ந்திருந்தார். "சவரம் பண்ணணும்ட்டி" என்றார். ஸ்வீட்லின் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த வாரமே கடலோரப் புன்னக்காயல் பக்கம் அவளுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. நிம்மதியாகப் பெட்டி கட்டினாள். மண்டபம் இடிபட ஒன்றரை வருஷமாயிற்று. தண்ணீர் பழைய வழியில் போகிறது. அவள் விட்டுப்போன அலுவலகத்தில் இப்போதெல்லாம் யார் வீட்டிலாவது ஒரு கரண்டி காணவில்லையென்றால், முதலில் எழுந்து தங்கள் நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள்.