மிஞ்சியவர்கள்

வெண்டல் ஏழாவது பொம்மையையும் குப்புறப் படுக்க வைத்தபோதுதான் நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"இவனுக்கு என்ன ஆச்சு?"

"செத்துட்டான்" என்றான் என் கணவன்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்தப் பொம்மைகளை வாங்குவான். உலகம் அழிந்த பிறகு உயிரோடு இருக்கும் மனிதர்கள் இவர்கள். முகமூடி போட்ட தாதி, டயர்த் துண்டைக் கவசமாகக் கட்டியவன், ஒற்றைக்கால் தபால்காரன். பெட்டியில் பெயர் மட்டும்தான் அச்சிட்டிருக்கும். மற்றதெல்லாம் வெண்டல் கட்டிய கதை. தபால்காரன் யாருக்குக் கடிதம் சுமக்கிறான், தாதி ஏன் ஒரு மருந்துப் புட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிறாள், எல்லாம் அவனுக்குத் தெரியும். எதையும் எழுதி வைத்ததில்லை. "இந்த வயசுல பொம்மையா?" என்று சீண்டினால், "பொம்மை இல்ல லோர்னா, மிஞ்சினவங்க" என்பான். அவன் கதைகளில் யாரும் சாகக் கூடாது. "சாக வேண்டியவங்கதான் முன்னாடியே செத்தாச்சே."

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், தினமும் ஓட்டிய தடத்திலேயே வழி மறந்து, பதினொரு பிள்ளைகளோடு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். வேலை போனது. பிறகு மகளின் பெயர் போனது. சென்ற இலையுதிர்காலத்தில் என் பெயர். அன்றிலிருந்து என்னை 'நீங்க' என்கிறான். பொம்மைகளின் கதைகள் மட்டும் ஒரு சொல் பிசகாமல் நின்றன. முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவளை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது அவர்களும். மத்தியானத்துக்குள் அலமாரி முழுக்கக் குப்புறக் கிடந்தது. கடைசியாகத் தாதியை எடுத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இவ சாகல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் ஒருநாளும் கதை கட்டியவளில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இவ வீட்டுக்காரன் காணாமப் போயிட்டான். தேடிக்கிட்டிருக்கா."

"நல்லவனா?"

"நல்லவன்தான். முட்டைகூடப் பொரிக்கத் தெரியாது. வண்டி ஓட்டுறப்ப பாடிக்கிட்டே இருப்பான், கர்ண கொடூரமா."

வெண்டல் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அப்புறம் பொம்மையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

"நீங்கதானா அது?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்புறம் ஏம்மா இங்கயே உக்காந்திருக்கீங்க? அவன் எங்க தவிச்சுக்கிட்டிருக்கானோ!"

உள்ளே போய் என் கம்பளிக் கோட்டை எடுத்து வந்து மாட்டிவிட்டான். பொத்தான்களை ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டான். ஒன்று தப்பி, எல்லாமே ஒரு துளை தள்ளிப் போனது. வாசல் கதவைத் திறந்தான். பனி மிதியடி வரை வந்து விழுந்தது.

"இருட்டுறதுக்குள்ள போங்க. கிடைச்சிருவான்."

நான் காலுறையோடு படியில் இறங்கினேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, முகம் தெரியாத ஒருத்தியின் நல்லதுக்காக, வெண்டல் கையசைத்துக்கொண்டிருந்தான்.