1941-இல் தேறியவர்கள்

ஃபெலிசிதாஸ் நொப்லேசாடா ஆசிரியர் பயிற்சி முடித்து எட்டு மாதத்தில் யுத்தம் வந்துவிட்டது. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில் அவள் படித்த பயிற்சிப் பள்ளி பதிவேடுகளோடு எரிந்தது. மியாகாவ் ஊரில் அவள் வீடும் எரிந்தது, சான்றிதழோடு. ஜப்பானியருக்குப் பயந்து மலைக்காட்டில் ஒளிந்திருந்த மூன்று வருடமும் வாழையிலையில் குச்சியால் கீறிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். சமாதானம் வந்தபின், படித்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது கல்வி அலுவலகம். காகிதம் இல்லாவிட்டால் இரண்டு பேர் சத்தியப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

பள்ளியின் பழைய எழுத்தர் ஒன்று தந்தார். இன்னொன்றுக்கு லியோனிலாவிடம் போனாள்.

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். லியோனிலா கடைசி வருடம் கணக்கில் தோற்று, படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். யுத்தத்தில் புருஷன் செத்து, கைக்குழந்தையோடு வந்து அழுதபோது, அவளும் தேறியவள்தான் என்று நோட்டரி முன்னால் பைபிளில் கைவைத்துச் சொன்னது ஃபெலிசிதாஸ். அந்தச் சமயம் தன் தாய் படுத்த படுக்கையாக இருந்ததால், தன் பத்திரத்தைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை. லியோனிலா இப்போது கிம்பால் பள்ளியில் தலைமை ஆசிரியை.

"வா இந்தாய், உக்காரு. இளைச்சுப் போயிட்டியே," என்று பழையபடி செல்லமாகக் கூப்பிட்டு, பிஸ்கோச்சோ ரொட்டித் தட்டை நகர்த்தினாள் லியோனிலா. விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு நீ எழுதிக் குடுத்திருக்க. இப்ப உனக்கு நான் எழுதினா, ஆபீஸ்காரன் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பான். மாத்தி மாத்தி எழுதிக்கிட்டாளுங்கன்னு கிளறுவான்."

"கிளறட்டுமே. நான் தேறினது நெசந்தானே?"

"நீ தேறினது நெசம். அதான் உனக்குப் பயமில்ல. வேற யாரையாவது கேளேன்."

"வேற யாரு இருக்கா? பாதிப் பேர் செத்தாச்சு. மிச்சப் பேர் எங்க இருக்காங்கன்னே தெரியல. உனக்காக நான் பொய்ச்சத்தியம் பண்ணினேன், லியோனிலா."

"அதை வெளிய சொன்னா ஜெயிலுக்குப் போறது நீதான்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "பத்திரத்துல இருக்கறது உன் கையெழுத்து."

கல்வி அலுவலகத்தில் குமாஸ்தா, "ஒண்ணுதானாம்மா?" என்று கேட்டான். லியோனிலாவின் பத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். தான் ஜெயிலுக்குப் போனால் வீட்டில் படுத்திருக்கும் தாயை யார் பார்ப்பது என்று நினைத்து, "ஒண்ணுதான்," என்றாள்.

1947 ஜூன் மாதம், திரும்பக் கட்டிய பயிற்சிப் பள்ளியில் முதலாம் ஆண்டில் மறுபடியும் சேர்ந்தாள். கூடப் படித்த பெண்கள் அவளை 'மானாங்', அதாவது அக்கா, என்று மரியாதையாக அழைத்து, அவள் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் தெரியாதவள்போல இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் இரண்டாம் வருடம் போய்ச் சேர்ந்தாள்.

1949-இல் வேலை கிடைத்தது, கிம்பாலில். "என் சிநேகிதி, நான்தான் கேட்டு வாங்கினேன்," என்று லியோனிலா எல்லோரிடமும் சொன்னாள். மேல் வகுப்புக் கணக்கு முழுவதையும் அவள் தலையில் கட்டினாள். ஃபெலிசிதாஸ் அதை எடுத்து நடத்தினாள். லியோனிலாவோடு சேர்ந்து ஒருநாளும் சாப்பிடவில்லை.

பயிற்சிப் பள்ளியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு வரலாற்று மலர் போட்டார்கள். 1941-இல் தேறியவர்கள் பட்டியலில் லியோனிலாவின் பெயர் இருந்தது, புகைப்படத்தோடு. ஃபெலிசிதாஸின் பெயர் 1949-இல், கீழிருந்து மூன்றாவது.

ஆசிரியர் அறையில் மலரைப் புரட்டிய புது டீச்சர் ஒருத்தி கேட்டாள்: "ஹெட்மிஸ்ட்ரஸ் உங்களுக்கு எட்டு வருஷம் சீனியரா டீச்சர்? பாத்தா ஒரே வயசு மாதிரி இருக்கீங்க."

"ஆமா, சீனியர்," என்று சொல்லிவிட்டு, திருத்த வேண்டிய நோட்டுகளை அள்ளிக்கொண்டு ஃபெலிசிதாஸ் வகுப்புக்குப் போனாள்.